திசுவில் பூஞ்சை தெரிகிறது, வளர்ப்பில் வரவில்லை: டிஎன்ஏ சோதனை எவ்வளவு கைகொடுக்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் நுரையீரல் பயாப்ஸியில் பூஞ்சை இழைகள் தெரிகின்றன. வளர்ப்புத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை. மரபணு முறையில் அது எந்தப் பூஞ்சை என்று கண்டுபிடிக்க முடியுமா, வரும் பெயரை நம்பி மருந்தை மாற்றலாமா, அப்படி முடியுமென்றால் வளர்ப்பும் நுண்ணோக்கியும் இனி எதற்கு என்று மூன்று கேள்விகள்.

கண்டுபிடிக்க முடியும். வரும் பெயரைப் பெரும்பாலும் நம்பவும் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ சோதனை நோயாளிக்கு என்ன நோய் என்று சொல்வதில்லை. இந்தக் குழாயில் இருந்த டிஎன்ஏவில் இந்தப் பகுதியின் வரிசை இது என்று மட்டுமே சொல்கிறது. அந்த டிஎன்ஏ எங்கிருந்து வந்தது, படித்த பகுதி சிற்றினங்களைப் பிரித்துக் காட்டப் போதுமானதா, எதனோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார்கள் ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் அறிக்கையில் இருக்கும் பெயருக்கு எடை உண்டு. இந்தப் பதில் முழுவதும் அந்த மூன்றைச் சுற்றித்தான்.

பெயருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பூஞ்சைக்கு எதிரான மருந்து வகைகள் மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் எட்டாத பூஞ்சைகள் இருக்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் வோரிகொனசோல், ரைசோபஸ், மியூகோர் போன்ற மியூகோரேல்ஸ் வகைகளை ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு ஆம்போடெரிசின் வேண்டும், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸிலேயே ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்ற சிற்றினம் ஆம்போடெரிசினுக்குப் பணியாது. எக்கினோகாண்டின் மருந்துகள் ஒற்றைச்செல் பூஞ்சையான ஈஸ்ட் வகையைச் சேர்ந்த பல கேண்டிடாக்களைக் கொல்லும், இன்னொரு ஈஸ்ட்டான கிரிப்டோகாக்கஸைத் தொடாது. லொமென்டோஸ்போரா ப்ரோலிஃபிகன்ஸ் கிட்டத்தட்ட எல்லா மருந்துகளையும் தாங்கி நிற்கும். திசுவில் பார்க்கும்போது இவற்றில் பல ஒன்றைப் போலவே இருக்கும். அகலமாக, குறுக்குச் சுவர் அரிதாக, நாடாபோல் மடிந்த இழை என்றால் மியூகோரேல்ஸ் என்றும், மெல்லியதாக, குறுக்குச் சுவரோடு குறுங்கோணத்தில் கிளைத்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்றும் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் அந்த இரண்டாவது உருவம் ஃபியூசேரியத்துக்கும் ஸ்கெடோஸ்போரியத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே நோய்க்கூறு அறிக்கையில் ‘ஆஸ்பர்ஜில்லஸ்’ என்று எழுதுவதைவிட, ‘குறுக்குச் சுவருள்ள நிறமற்ற இழைகள்’ என்று எழுதுவதே நேர்மை.

வளர்ப்பு ஏன் கைவிடுகிறது என்பதற்குப் பல காரணங்கள். மியூகோரேல்ஸ் இழைகளில் குறுக்குச் சுவர்கள் அதிகமில்லாததால், திசுவை அரைத்தால் இழை முழுவதும் சிதைந்து செத்துவிடும். பூஞ்சை மருந்து ஏற்கெனவே தொடங்கியிருந்தால் வளர்வது இன்னும் குறையும். கேண்டிடா இரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் பரவிய நோயாளிகளில் இரத்த வளர்ப்பு ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் காட்டிக்கொடுக்கிறது. வளர்ந்தாலும் சிக்கல் தீர்ந்ததென்று இல்லை. சில பூஞ்சைகள் தட்டில் வெறும் வெள்ளைப் பஞ்சாக மட்டும் படரும், வித்துகளை உண்டாக்காது. வித்தும் அதைத் தாங்கும் காம்பும் இல்லாமல் உருவத்தை வைத்துப் பெயர் சொல்ல வழியில்லை. மரக்கட்டையில் வளரும் காளான் வகையான ஸ்கிசோஃபில்லம் கம்யூன் சைனஸிலும் நுரையீரலிலும் நோயை உண்டாக்கும். தட்டில் அது பெரும்பாலும் இப்படித்தான் மௌனமாக இருக்கும், வரிசையைப் படித்தால்தான் அடையாளம் தெரியும்.

இப்போது டிஎன்ஏவில் எங்கே பார்க்கிறார்கள் என்பதற்கு வருவோம். செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமுக்கான மரபணுக்கள் பூஞ்சைகளில் ஒரு தொகுப்பாக, பல பத்து நகல்களாக, சில பூஞ்சைகளில் நூற்றுக்கும் மேலாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நகல்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் பூஞ்சை இருந்தாலும் பிடிபடும். இந்தத் தொகுப்பில் 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்ற மூன்று மரபணுக்கள் பரிணாமத்தில் மெதுவாக மாறுபவை. அவற்றுக்கு இடையே உள்ள இரண்டு இடைவெளிப் பகுதிகள் வேகமாக மாறுபவை. இந்த இடைவெளிகளையும் நடுவில் உள்ள 5.8எஸ்ஸையும் சேர்த்து ஐடிஎஸ் என்கிறார்கள். இரு பக்கமும் மாறாத மரபணு, நடுவே மாறும் பகுதி என்ற இந்த அமைப்புதான் மொத்த வேலையையும் எளிதாக்குகிறது. மாறாத பகுதியில் ஒட்டும் பிரைமர்களை, அதாவது நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளைப் போட்டால், எந்தப் பூஞ்சை என்று முன்கூட்டியே தெரியாமலே நடுப்பகுதியைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி வரிசையைப் படித்துவிடலாம். 1990இல் வெளியான ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4 என்ற பிரைமர்கள் இன்றும் ஆய்வகங்களில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன. 2012இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று பல மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, பூஞ்சைகளுக்கான பொது டிஎன்ஏ பட்டைக்குறியாக ஐடிஎஸ்ஸை முன்வைத்தது. ஈஸ்ட் வகைகளுக்கு 28எஸ்ஸின் டி1, டி2 என்ற பகுதியும் அதே அளவுக்குப் பயன்படுகிறது.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஐடிஎஸ் ஒரு நல்ல தொடக்கம், எல்லாப் பூஞ்சைக்கும் அதுவே முடிவாகாது. ஆஸ்பர்ஜில்லஸில் ஐடிஎஸ் உங்களை ‘ஃபியூமிகேட்டஸ் குழுமம்’, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் கூட்டம், வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்குள் எந்தச் சிற்றினம் என்று பிரிக்க பீட்டா-டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணுவைப் படிக்க வேண்டும். ஃபியூசேரியத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பேரினத்தில் பல சிற்றினங்களின் ஒரே மரபணுத்தொகுதிக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வகை ஐடிஎஸ்2 இருப்பது தெரியவந்திருக்கிறது. அங்கே டிஇஎஃப்1, ஆர்பிபி2 என்ற மரபணுக்களே நம்பகமானவை. அறிக்கையில் எந்த மரபணுப் பகுதி படிக்கப்பட்டது என்று எழுதாமல் ‘ஃபியூசேரியம் சொலானை’ என்று மட்டும் இருந்தால், நான் அதை ‘ஃபியூசேரியம் சொலானை குழுமம்’ என்றே வாசிப்பேன்.

குழுமத்துக்குள் பிரித்துப் பார்ப்பது வகைப்பாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் லென்டுலஸைக் காட்டுவேன். 2005இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்ட அது, பார்வைக்கு ஃபியூமிகேட்டஸ் போலவே இருக்கும், கொஞ்சம் மெதுவாக வித்து விடும். பல பூஞ்சை மருந்துகளுக்கும் அது குறைவாகவே பணியும். அதைவிடப் பெரிய பாடம் கேண்டிடா ஆரிஸ். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்த ஈஸ்ட்டைப் புதிய சிற்றினமாக அறிவித்தபோது அடிப்படையாக இருந்தவை ஐடிஎஸ், டி1/டி2 வரிசைகள்தான். அதே பூஞ்சையை சர்க்கரைகளைச் செரிக்கும் விதத்தை வைத்துப் பெயர் சொல்லும் தானியங்கிக் கருவிகள் கேண்டிடா ஹெமுலோனி என்றும், வேறொரு சோதனைப் பட்டை ரோடோடொருலா குளூட்டினிஸ் என்றும் காட்டிக்கொண்டிருந்தன. கருவிகளின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லாதபோது அவை அருகில் இருந்த பெயரைக் கொடுத்தன. இதற்கிடையே அந்த ஈஸ்ட் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் படுக்கையிலிருந்து படுக்கைக்குப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் 19 பெயர்கள் இருந்தன. அவற்றில் மிக அவசர வகுப்பில் வைக்கப்பட்ட நான்கில் இதுவும் ஒன்று. மற்ற மூன்று கேண்டிடா அல்பிகன்ஸ், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ்.

மரபணு மட்டும் என்று இல்லாமல் ஒரு கிளைச் செய்தி. தட்டில் பூஞ்சை வளர்ந்துவிட்டால், அதன் புரதங்களின் நிறைக் கோலத்தைப் படிக்கும் மால்டி-டாஃப் கருவி சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடும். ஈஸ்ட்டுகளுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. இன்றைய கருவிகள், தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்டிருந்தால், ஆரிஸையும் சரியாகக் காட்டும். உங்கள் சிக்கல் வளரவே இல்லை என்பது. அதனால் அது உங்களுக்கு உதவாது.

இனி மாதிரி. என் அனுபவத்தில் தவறான முடிவுகள் பெரும்பாலும் பிறப்பது வரிசைப்படுத்தும் கருவியில் இல்லை, அதற்கு நெடுநேரம் முன்பே. பூஞ்சையின் செல்சுவர் கைட்டினும் குளுக்கனும் பின்னிய கெட்டியான உறை. பாக்டீரியாவுக்கும் மனிதச் செல்லுக்கும் வைத்திருக்கும் சாதாரண டிஎன்ஏ பிரித்தெடுப்பு முறை அதை உடைக்காது. சிறு மணிகளோடு வேகமாகக் குலுக்கி உடைப்பது, சுவரைக் கரைக்கும் நொதி சேர்ப்பது போன்ற கூடுதல் படி வேண்டும். அந்தப் படியைத் தவிர்த்த ஆய்வகம் ‘பூஞ்சை டிஎன்ஏ இல்லை’ என்று சொன்னால் அதற்குப் பொருள் கிடையாது. ஆகவே முடிவு எதிர்மறை என்றால் முதலில் கேட்க வேண்டியது எப்படிப் பிரித்தெடுத்தீர்கள் என்பதே.

நேர்மறை முடிவிலும் பொறி இருக்கிறது. பூஞ்சை வித்துகள் நாம் மூச்சுவிடும் காற்றிலேயே மிதக்கின்றன. எல்லாப் பூஞ்சையையும் பிடிக்கும் பொதுப் பிரைமர் அவற்றையும் விடாமல் பிடிக்கும். ஈஸ்ட் சுவரைக் கரைக்கப் பயன்படுத்தும் நொதிக் கலவையிலேயே பூஞ்சை டிஎன்ஏ கலந்திருந்தது பதிவாகியிருக்கிறது. இரத்தம் எடுக்கும் குழாய்களிலும் அப்படிக் காணப்பட்டதுண்டு. இதற்கு ஒரே காப்பு, மாதிரியே இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் பிரித்தெடுப்பின் முதல் படியிலிருந்து கூடவே கொண்டுபோவது. வெற்றுக் குழாயில் கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சை வந்தால் நோயாளியின் குழாயில் வந்த கிளாடோஸ்போரியத்துக்கு மதிப்பில்லை. இன்னொரு கட்டுப்பாட்டுக் குழாயும் அவசியம். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும், இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பரினும் பிசிஆரையே தடுத்துவிடும். தெரிந்த ஒரு டிஎன்ஏவைக் கூடச் சேர்த்து அது பெருகுகிறதா என்று பார்த்தால்தான், ‘இல்லை’ என்பது உண்மையில் இல்லையா, பிசிஆர் நடக்கவே இல்லையா என்று தெரியும்.

எந்த உறுப்பிலிருந்து எடுத்தது என்பதும் முக்கியம். கிருமி இருக்கக்கூடாத இடத்தில் ஊசி போட்டு எடுத்த நுரையீரல் திசு, மூளைத் தண்டுவட நீர், கண்ணின் உள்நீர் இவற்றுக்குப் பொதுப் பிரைமர் சரியான தேர்வு. வாய் வழியாகக் குழாய் செலுத்திக் கழுவி எடுத்த நுரையீரல் நீருக்கு அது சரிப்படாது. அதில் வாயிலிருந்து வந்த கேண்டிடா அடிக்கடி இருக்கும், வரிசையில் அதுவே முன்னுக்கு வந்து நிற்கும். கேண்டிடாவுக்கு மருந்து எழுதிவிட்டு உண்மையான பூஞ்சையை விட்டுவிடும் ஆபத்து அங்கே உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட பூஞ்சைகள் சேர்ந்திருந்தால் ஒரு நேரத்தில் ஒரே டிஎன்ஏ துண்டைப் படிக்கும் சாங்கர் முறையின் வரைபடத்தில் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்கவே முடியாமல் போகும்.

உங்கள் நோயாளியின் திசு, கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடப்பட்டு, பாரஃபின் மெழுகுக் கட்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, துண்டு துண்டாக்கிவிடும். ஐடிஎஸ் முழுவதுமாக 500 முதல் 700 காரங்கள், அதாவது டிஎன்ஏ எழுத்துகள், வரை நீளும். அவ்வளவு நீளமான துண்டு பாரஃபின் கட்டியில் முழுசாகக் கிடைப்பது அரிது. அதனால் ஐடிஎஸ்2 மட்டும், அல்லது 28எஸ்ஸில் ஒரு சிறு துண்டு என்று குட்டை இலக்குகளைக் கேளுங்கள். ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊறியிருந்தால் வாய்ப்பு குறைகிறது. எலும்பை மென்மையாக்க அமிலத்தில் போட்ட மாதிரியாக இருந்தால் இன்னும் குறைகிறது. பயாப்ஸியில் ஒரு பகுதியை ஃபார்மலின் இல்லாமல் உறைநிலையில் வைத்திருந்தால் முதலில் அதைத்தான் அனுப்ப வேண்டும். அப்படி வைக்கவில்லை என்றால் மறுமுறை திசு எடுக்க நேரும்போதாவது அறுவை அரங்கிலேயே ஒரு துண்டை உலர்ந்துவிடாதபடி உப்புநீரில் நனைத்த நிலையில் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நுண்ணோக்கியின் வேலை என்ன என்பது தெளிவாகும். கட்டியில் எந்த வெட்டில் இழைகள் இருக்கின்றன என்று நோய்க்கூறு மருத்துவர் காட்டி, அந்த வெட்டிலிருந்து டிஎன்ஏ எடுத்தால் வெற்றிக்கு நல்ல வாய்ப்பு. இழையே தெரியாத திசுவில் போய் பொதுப் பிரைமரைப் போட்டால் காற்றில் வந்த மாசுதான் பெரும்பாலும் கிடைக்கும். 2020இல் பன்னாட்டு நிபுணர் குழு திருத்தி வெளியிட்ட ஊடுருவும் பூஞ்சை நோய்களின் வரையறைகளும் இதே கோணத்தில்தான் எழுதப்பட்டுள்ளன. பாரஃபின் கட்டித் திசுவில் இழைகள் கண்ணால் பார்க்கப்பட்டு, அதே திசுவிலிருந்து பூஞ்சை டிஎன்ஏ பெருக்கப்பட்டு வரிசையும் படிக்கப்பட்டால், அது ‘நிரூபிக்கப்பட்ட நோய்’ என்ற வகுப்பில் சேரும். ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இது: கண்ட உருவமும் வரிசை சொல்லும் பெயரும் ஒத்துப்போனால் மருந்தை மாற்றலாம். நுண்ணோக்கியில் அகலமான நாடா இழை, வரிசையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்று வந்தால் நான் கண்ணில் கண்டதையே நம்புவேன், சோதனையை மீண்டும் செய்யச் சொல்வேன், அதுவரை மியூகோரேல்ஸுக்கான மருந்தை நிறுத்த விடமாட்டேன்.

அடுத்தது தரவுத்தளம். கிடைத்த வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் தேடினால் சில வினாடிகளில் ஒரு பெயர் ‘99 சதவீதம்’ என்ற குறிப்போடு மேலே வந்து நிற்கும். அந்த எண் தரும் நிம்மதி ஆபத்தானது. பொதுத் தரவுத்தளங்களில் யார் வேண்டுமானாலும் வரிசைகளைச் சேர்க்கலாம். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே இருந்த பூஞ்சை ஐடிஎஸ் வரிசைகளில் ஏறத்தாழ 20 சதவீதம் சிற்றின அளவில் தவறான பெயரில் இருக்கலாம் என்று கணித்தது. ஒருவர் தவறாகப் பெயரிட்டதை அடுத்தவர் ஒப்பிட்டு, அதே பெயரில் தன் வரிசையையும் சேர்த்துவிட, பிழைக்குச் சாட்சிகள் கூடிக்கொண்டே போகும். ஆகவே மேலே வந்த முதல் பெயரைப் பார்க்காதீர்கள். மூல மாதிரியிலிருந்து, அதாவது அந்தச் சிற்றினத்தை முதலில் விவரித்தபோது பாதுகாத்து வைத்த மாதிரியிலிருந்து, வந்த வரிசை எது என்று தேடுங்கள். நோய்ப் பூஞ்சைகளுக்கென்றே சரிபார்த்துத் தொகுத்த இஷாம்-ஐடிஎஸ், பொதுவாகப் பூஞ்சைகளுக்கான யுனைட் போன்ற தளங்களில் மறுபடியும் ஒப்பிடுங்கள். சதவீதத்தோடு நீளத்தையும் பாருங்கள். 600 காரங்களில் 99 சதவீதமும், பாரஃபினிலிருந்து கிடைத்த 150 காரங்களில் 99 சதவீதமும் ஒரே உறுதியைத் தருவதில்லை. குட்டைத் துண்டில் நான்கைந்து சிற்றினங்கள் ஒரே மதிப்பெண்ணோடு வந்தால் பேரினத்தோடு நின்றுவிடுவதுதான் முறை. மருந்தைத் தேர்ந்தெடுக்கப் பல சமயம் அதுவே போதும்.

பெயர்மாற்றமும் குழப்பும். டிஎன்ஏ உறவுகளை வைத்து கேண்டிடா கிளப்ராட்டா இப்போது நகாசியோமைசிஸ் கிளப்ராட்டஸ் ஆகியிருக்கிறது, கேண்டிடா குரூசை பிக்கியா குத்ரியாவ்செவி ஆகியிருக்கிறது. அறிக்கையில் பழைய பெயரையும் சேர்த்து எழுதாத ஆய்வகம் வார்டில் இருக்கும் மருத்துவரைத் திண்டாட விடுகிறது. குரூசை என்றால் ஃப்ளூகொனசோல் மருந்து பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும். புதுப் பெயரைப் பார்த்து அது சட்டென்று நினைவுக்கு வராது.

இதுவரை சொன்னது பெயர் தெரியாத பூஞ்சையைத் தேடும் வழி. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால் குறிப்பிட்ட பூஞ்சைக்கான அளவறி பிசிஆர், அதாவது எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்றும் காட்டும் பிசிஆர், வேகமானது, மாசுத் தொல்லையும் குறைவு. இரத்தத்திலோ நுரையீரல் கழுவுநீரிலோ ஆஸ்பர்ஜில்லஸைத் தேடும் பிசிஆர், முறைகளைத் தரப்படுத்தப் பல ஆண்டுகள் நடந்த கூட்டுமுயற்சிக்குப் பிறகு, அதே 2020 வரையறைகளில் இடம்பிடித்தது. இரத்தத்தில் ஒரே ஒரு முறை நேர்மறை வந்தால் அங்கே போதாது, தொடர்ந்து இரண்டு முறை வர வேண்டும். அதைவிட மியூகோரேல்ஸ் பிசிஆர்தான் எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. பூஞ்சைச் சுவரின் பொருள்களைத் தேடும் சோதனைகளும் இங்கே உதவுவதில்லை: மற்ற சில பூஞ்சைகளுக்கு உதவும் கேலக்டோமன்னன் சோதனை மியூகோரேல்ஸைக் காட்டாது, பீட்டா குளுக்கன் சோதனையும் காட்டாது. அந்த வெற்றிடத்தில், சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிநீரில், செய்யும் பிசிஆர் வழக்கமான முறைகளில் நோய் உறுதியாவதற்குச் சில நாள் முன்பே நேர்மறையாவது பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. மணிக்கணக்கில் திசுவை அழிக்கும் நோயில் சில நாள் என்பது ஒரு கண்ணையோ உயிரையோ காப்பாற்றும் நேரம். உங்கள் நோயாளியின் இரத்தத்தை இதற்கும் இன்றே அனுப்பச் சொல்வேன்.

நியூமோசிஸ்டிஸ் ஜிரோவெசியின் கதை தனி. அது ஆய்வக வளர்ப்புத் தட்டில் வளராது. நெடுங்காலம் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்றே நினைத்திருந்தார்கள். 1988இல் அதன் ரைபோசோம் ஆர்என்ஏ வரிசையைப் படித்தபோதுதான் பூஞ்சை என்று தெரிந்தது. இன்று நுரையீரல் கழுவுநீரில் அதற்கான பிசிஆர் எதிர்மறை என்றால் அந்த நோயை ஏறக்குறைய விலக்கிவிடலாம். நேர்மறை என்றால் மட்டும் நிதானம் வேண்டும். நோயில்லாமல் அந்தப் பூஞ்சையை நுரையீரலில் சுமப்பவர்கள் உண்டு, அவர்களிடமும் டிஎன்ஏ தெரியும். எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்ற அளவு இங்கே உதவும். ஆனால் எச்ஐவி இல்லாத நோயாளிகளில் கடுமையான நோய் குறைந்த பூஞ்சை அளவிலேயே வரும் என்பதால் ஒரே வெட்டுப்புள்ளியை எல்லோருக்கும் பொருத்த முடியாது. இருப்பதும் நோயும் வேறு என்ற இந்தச் சிக்கல் எல்லாப் பூஞ்சைக்கும் உண்டு. செத்துப்போன பூஞ்சையின் டிஎன்ஏவும் பெருகும். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒற்றைப் பிசிஆரை நம்பக்கூடாது.

இரத்தத்திலிருந்து வளர்ப்பு இல்லாமலே கேண்டிடாவைக் கண்டுபிடிக்கும் டி2கேண்டிடா என்ற சோதனைக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில மணி நேரத்தில் முடிவு தரும், மில்லிலிட்டருக்குச் சில செல்கள் இருந்தாலும் பிடிக்கும். ஆனால் அது தேடுவது ஐந்து சிற்றினங்களை மட்டுமே, ஆரிஸ் அந்த ஐந்தில் இல்லை. குறிப்பிட்ட இலக்குச் சோதனை எதுவானாலும் ‘இல்லை’ என்று வந்தால், எதெல்லாம் தேடப்பட்டது என்ற பட்டியலோடு சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வரிசைப்படுத்தும் மெட்டாஜீனோமிக் முறையைப் பற்றியும் பலர் ஆவலோடு கேட்கிறார்கள். மாதிரியில் உள்ள எல்லா டிஎன்ஏவையும் படித்து, அதில் மனிதனுடையதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் தேடுவது. காரணம் பிடிபடாத மூளைக்காய்ச்சலில் இது சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் படித்ததில் மிகப் பெரும்பகுதி மனித டிஎன்ஏவாகவே இருக்கும், கெட்டிச் சுவருக்குள் இருக்கும் பூஞ்சையின் பங்கு மிகச் சொற்பம். ஐந்தாறு துண்டுகளை வைத்து ஒரு பெயரைச் சொல்ல நேரும்போது வெற்றுக் குழாய்க் கட்டுப்பாடு இல்லாமல் யாரும் அதை நம்பக்கூடாது. இலக்கு பிசிஆரும் பொதுப் பிரைமரும் தோற்ற பிறகு இதை நாடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் போன்றவற்றில் எந்த மரபணுச் சோதனையையும்விட, விரலளவு சோதனைப் பட்டையில் பத்து நிமிடத்தில் முடியும், பூஞ்சையின் பொருளையே தேடும் ஆன்டிஜென் சோதனையே சிறந்தது. அங்கே பிசிஆருக்காகக் காத்திருப்பது வீண்.

இனி மூன்றாவது கேள்வி: வளர்ப்பு எதற்கு? பெரிய காரணம் மருந்து எதிர்ப்பு. சில எதிர்ப்புகளை டிஎன்ஏவிலேயே படிக்கலாம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸில் சிஒய்பி51ஏ மரபணுவுக்கு முன்னால் 34 காரங்கள் இரட்டித்து, அதே மரபணுவின் 98ஆம் இடத்தில் அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்தால் அது வோரிகொனசோல் போன்ற அசோல் மருந்துகளைத் தாங்கும். டிஆர்34/எல்98எச் என்று குறிக்கப்படும் இந்த மாற்றம், வயல்களில் தெளிக்கும் அசோல் பூஞ்சைக்கொல்லிகளோடு தொடர்புடையது. அதனால் வாழ்நாளில் அசோல் மாத்திரையே விழுங்காத நோயாளியிடமும் வரும். நுரையீரல் கழுவுநீரிலேயே இந்த மாற்றத்தைத் தேடும் பிசிஆர்கள் கிடைக்கின்றன. கேண்டிடா ஆரிஸில் எக்கினோகாண்டின் எதிர்ப்புக்கு எஃப்கேஎஸ்1, அசோல் எதிர்ப்புக்கு இஆர்ஜி11 மரபணுக்களைப் பார்க்கிறார்கள். ஆனால் தெரிந்த மாற்றத்தை மட்டுமே இப்படித் தேட முடியும். மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் கூடுதலாக வேலை செய்வதால் வரும் எதிர்ப்பு, இன்னும் யாரும் விவரிக்காத புதிய மாற்றம், இவை பிசிஆருக்குத் தெரியாது. உயிருள்ள பூஞ்சையை மருந்தோடு வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு காரணம், நோய் ஒரே மூலத்திலிருந்து பலருக்குப் பரவுகிறதா என்று பார்ப்பது. 2012இல் அமெரிக்காவில் மாசுபட்ட ஸ்டீராய்டு ஊசி முதுகுத்தண்டிலும் மூட்டுகளிலும் போடப்பட்டு 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எக்ஸரோஹைலம் ரோஸ்ட்ரேட்டம் என்ற, புல்வகைகளில் வாழும் கறுப்புப் பூஞ்சைதான் முக்கியக் காரணம். மூளைக்காய்ச்சலில் அதை அதுவரை யாரும் எதிர்பார்த்ததில்லை, அதற்கென்று தயாராக எந்தச் சோதனையும் இல்லை. வளர்ப்பில் வராத பல மூளைத் தண்டுவட நீர் மாதிரிகளில் அவசரமாக உருவாக்கிய பிசிஆர்தான் அதைக் காட்டியது. ஆனால் நோயாளிகளின் பூஞ்சையும் மருந்துக் குப்பிகளின் பூஞ்சையும் ஏறக்குறைய ஒன்றே என்று முழு மரபணுத்தொகுதியைப் படித்து உறுதிசெய்ய வளர்ந்த பூஞ்சைகள் தேவைப்பட்டன. ஆரிஸிலும் அப்படித்தான். 2017இல் வெளியான முழு மரபணுத்தொகுதி ஒப்பீடு, தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று நான்கு தனித்தனிக் கிளைகளைக் காட்டியது. கிளைகளுக்கிடையே பல்லாயிரம் எழுத்து வேறுபாடுகள், ஒரு கிளைக்குள் மிகச் சில. ஒரே இடத்தில் தோன்றி உலகெங்கும் பரவியது என்ற ஊகத்துக்கு மாறாக, ஏறத்தாழ ஒரே காலத்தில் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகத் தலைதூக்கியிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆகவே ஆய்வகத்தில் எது வளர்ந்தாலும், பெயர் சரியாகத் தெரியாவிட்டாலும், ஒரு பகுதியை உறைநிலையில் பாதுகாத்து வையுங்கள். தென் கொரியாவில் 1996இல் ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்து, அப்போது அடையாளம் தெரியாமல் சேமித்து வைத்த ஓர் ஈஸ்ட்டைப் பின்னாளில் எடுத்து வரிசை படித்தபோது அது கேண்டிடா ஆரிஸ் என்று தெரிந்தது. அந்தச் சிற்றினத்துக்குப் பெயர் வைப்பதற்கு 13 ஆண்டுகள் முன்பே அது நோயாளியின் இரத்தத்தில் இருந்ததற்கான ஆதாரம் அந்தக் குப்பிதான்.